தஞ்சாவூர் இரவுகளும் ஒரு நடவு வயலும்

போன அக்டோபரில் ஆயுத பூஜையை ஒட்டி எங்கள் கல்லூரிக்கு நான்கு நாள் விடுமுறை வந்தது. சனி முதல் செவ்வாய் வரை. நான் மைதிலி, சொந்த ஊர் வேலூர், கோயம்புத்தூரில் ஆடை வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதி அறையில் என்னோடு இரண்டு பேர். பெனாசிர், பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஜோனாலி, அசாமில் ஜோர்ஹாட்டை ஒட்டிய ஒரு கிராமத்துப் பெண்.

ஜோனாலி வீட்டுக்கு ரயிலில் போக மூன்றரை நாள், வர மூன்றரை நாள். நான்கு நாள் விடுமுறையில் அவளால் எங்கும் போக முடியாது. முதலாம் ஆண்டில் இதே விடுமுறையின்போது மூன்று மாடி விடுதியில் அவளும் காவலாளி அக்காவும் மட்டும்தான் இருந்தார்கள். மெஸ் மூடியிருந்ததால் நான்கு நாளும் பிஸ்கட், நூடுல்ஸ். திரும்பி வந்த நான், "நல்லா ரெஸ்ட் எடுத்தியா?" என்று வேறு கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இந்த முறை பெனாசிர் முந்திக்கொண்டாள். "ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வாங்கடி. தஞ்சாவூர் சுத்தலாம். நைட் லைஃப் காட்டறேன்."

"தஞ்சாவூர்ல நைட் லைஃபா? எட்டரைக்குக் கோயில் நடை சாத்துறதா?" என்று சிரித்தேன்.

"வந்து பாரு" என்றாள்.

வெள்ளி நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை மணி வாக்கில் கோவையில் ரயில் ஏறினோம். படுக்கை வசதிப் பெட்டியில் ஆளுக்கு 205 ரூபாய். காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூர். நிலையத்திலேயே முகம் கழுவி, பைகளைப் பொருள் காப்பறையில் போட்டுவிட்டோம். பெரிய கோயில் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர்கள் நூறு ரூபாய் சொல்வார்கள். நடந்துவிடுங்கள். இருபது நிமிடம்.

கோயிலைக் காலை ஏழு மணிக்குள் பார்த்துவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் தரைக்கல் சுட ஆரம்பித்துவிடும். செருப்பில்லாத காலோடு நிழலுக்கு நிழல் தாவுவதில் சிற்பம் எங்கே கண்ணில் படப் போகிறது? நாங்கள் போனபோது முந்தின நாள் மழையில் கல் குளிர்ந்திருந்தது. விமானத்தின் மேல் பாதியில் மட்டும் வெயில் விழுந்து, அது நாங்கள் பார்க்கப் பார்க்கக் கீழே இறங்கியது. ஜோனாலி எதுவும் பேசாமல் பிரகாரத்தை இரண்டு முறை சுற்றிவந்தாள். அவள் பேசாமல் இருப்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்ததால் நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை.

எட்டரைக்குக் கீழராஜ வீதிப் பக்கம் சின்ன ஓட்டல் ஒன்றில் பொங்கல், வடை, காபி. மூன்று பேருக்கும் 210 ரூபாய். பிறகு அரண்மனை. கலைக்கூடத்தில் இருக்கும் சோழர் காலச் செப்புச் சிலைகளுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். எங்களைப் போல ஆடை படிப்பவர்கள் என்றால் இரண்டு மணி நேரம். அந்தச் சிலைகளின் இடுப்பு மடிப்பைப் பார்த்துப் பெனாசிர், "இதுக்கு பேட்டர்ன் போடச் சொன்னா நான் அரியர்தான்" என்றாள். மதியம் ஒன்று முதல் நான்கு வரை இந்த ஊரில் எதுவும் செய்ய முயலாதீர்கள். நாங்கள் சிவகங்கைப் பூங்காவில் ஒரு மரத்தடி பெஞ்சைப் பிடித்துத் தூங்கினோம்.

பெனாசிர் சொன்ன நைட் லைஃப் மாலை ஐந்தரைக்கு ஆரம்பமானது. மறுபடியும் அதே பெரிய கோயில். ஆனால் காலையில் பார்த்த கோயில் இல்லை அது. வெளிச்சுற்றுப் புல்வெளி முழுக்க ஆட்கள். டிபன் கேரியரோடு வந்த குடும்பங்கள், டியூஷன் முடித்து வந்த பள்ளிப் பிள்ளைகள், வட்டமாக உட்கார்ந்து யாரையோ கலாய்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள், கைக்குழந்தையை நந்தி மண்டபத்தைச் சுற்றி நடக்கவைத்துக்கொண்டிருந்த ஒரு அப்பா. மஞ்சள் விளக்குகள் போட்டதும் கோபுரம் நெருங்கி வந்தது போலிருந்தது. வெண்ணாற்றுப் பக்கமிருந்தோ எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது. கடற்கரை இல்லாத ஊருக்கு இதுதான் கடற்கரை. கட்டணம் எதுவும் கிடையாது.

அங்கே உட்கார்ந்துதான் பெனாசிர் பொங்கலுக்குத் திட்டம் போட ஆரம்பித்தாள். "ஜனவரில மறுபடி வரணும். அப்போ அறுப்பு நடக்கும், ஜில்லுனு இருக்கும்."

"ஜனவரில நான் இருக்காது" என்றாள் ஜோனாலி.

"ஏன், எங்க போற?"

"புதன்கிழமை ஊருக்குப் போறேன். டிக்கெட் வாங்கியாச்சு. திரும்பி வராது."

நாங்கள் இருவரும் அவளையே பார்த்தோம். அவள் புல்லைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். ஒன்றேகால் வருடத்தில் அவள் தமிழ் ஓரளவு தேறியிருந்தது. முடியாத இடத்தில் ஆங்கிலம். "யார் மேலயும் கோபம் இல்ல. எல்லாரும் நல்லவங்க. ஆனா இங்க நான் ஒண்ணும் தெரியாத ஆளு. பஸ் தெரியாது, பேச்சு தெரியாது. கிளாஸ்ல ஜோக் சொன்னா கடைசியா சிரிக்கற ஆளு. எனக்குத் தெரிஞ்ச எதுவும் இங்க யாருக்கும் வேணாம். அப்புறம் எதுக்கு இருக்கணும்?"

"வீட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல. போய்ச் சொல்றேன்."

பயணக் கட்டுரையில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று யோசித்தேன். அவளிடம் கேட்டேன், எழுது என்றாள். அன்று பெனாசிர் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "புதன்கிழமை இன்னும் நாலு நாள் இருக்கு. இப்போ எனக்குப் பசிக்குது" என்றாள்.

பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றி இரவு ஏழு மணிக்கு மேல் பரோட்டாக் கல்லின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பெண்கள் மட்டும் போனால் உட்கார இடம் கிடைக்குமா, முறைப்பார்களா என்ற கவலை எனக்கு இருந்தது. குடும்ப அறை என்று தனியாக எதுவும் இல்லாத ஒரு கடைக்குத்தான் பெனாசிர் கூட்டிப்போனாள். கல்லில் நின்றவர் எங்களைப் பார்த்ததும், "மூணு பேரா? தம்பி, அந்த டேபிளைத் தொடச்சு விடு. உக்காருங்கம்மா, காத்து வரும்" என்றார். கொத்து பரோட்டா 110, முட்டை பரோட்டா 80. ஜோனாலிக்கு வழக்கமான சோகத்தையும் மீறிப் பசி. இரண்டு கொத்து பரோட்டா சாப்பிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம்தான் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

ஒன்பது மணிப் பேருந்தில் பாபநாசம் பக்கம் கிளம்பினோம். இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் பெண்களுக்கு இலவசம். வண்டியில் ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை பெனாசிரின் அம்மா ஜமீலா எங்களுக்காக இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் செய்து வைத்திருந்தார். பெனாசிரின் அத்தா ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். வீட்டில் அம்மாவும் மகளும்தான். ஜோனாலி சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, மூடி வைத்திருந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, "ஆன்ட்டி, அது தண்ணில போட்ட சாதமா?" என்று கேட்டாள்.

"அது நேத்து மிஞ்சினதும்மா, எனக்கு. நீ பாயா சாப்பிடு."

"எனக்கு அது வேணும். எங்க ஊர்லயும் சாப்பிடுவோம். கடுகெண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு போட்டு."

ஜமீலா அம்மா பெனாசிரைப் பார்த்தார். "விருந்தாளிக்கு பழைய சோறு போட்டேன்னு தெரிஞ்சா உங்க அத்தா போன்லயே என்னைத் திட்டுவாரு." ஆனாலும் போட்டார். கடுகெண்ணெய்க்குப் பதில் மோர், சின்ன வெங்காயம், வறுத்த மோர்மிளகாய். ஜோனாலி கிண்ணத்தை வழித்து வைத்துவிட்டுப் பாயாவையும் ஒரு கை பார்த்தாள்.

அன்றைய திட்டம் தாராசுரம், கும்பகோணம். பெனாசிர் தெருவிலேயே இருக்கும் முருகேசன் அண்ணனின் ஆட்டோவை நாள் முழுவதுக்கும் 900 ரூபாய்க்குப் பேசியிருந்தாள். பேருந்திலும் போகலாம், செலவே ஆகாது. ஆனால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. நாங்கள் நினைக்காத இடத்தில் நிற்க வேண்டியிருந்ததால் ஆட்டோ சரியான முடிவாகிவிட்டது.

கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. சாலைக்கு இருபுறமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வேலூரில் ஆறு என்றால் மணல் என்று வளர்ந்த எனக்கு, ஊர் முழுக்க இப்படித் தண்ணீர் நிற்பதே அதிசயம். வானம் பாதி கீழே கிடந்தது. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஜோனாலி கத்தினாள். "அண்ணா, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

வாந்தி வருகிறதோ என்று முருகேசன் அண்ணன் பதறிப்போய் ஓரம் கட்டினார். அவள் இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். வழுக்கும் வரப்பு அது. நான் பின்னால் போய் மூன்றாவது அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் வீட்டுக் கூடத்தில் நடப்பது போலப் போய்க்கொண்டிருந்தாள்.

வயலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டுத் தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் நிமிர்ந்தார். அவர்தான் அந்தக் குழுவைக் கூட்டிவருபவர். பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது.

"ஏம்மா, ரீல்ஸா? போன வாரம்தான் ஒரு கூட்டம் வந்து நாத்தை மிதிச்சு நாசம் பண்ணிட்டுப் போச்சு. வரப்புலயே நின்னு எடுத்துட்டுக் கெளம்புங்க."

"இல்ல அக்கா. நான் நடும்" என்றாள் ஜோனாலி.

"என்னது?"

"எங்க வீட்டுலயும் வயல் இருக்கு. நான் நடறேன். கொஞ்ச நேரம்."

பெண்கள் சிரித்தார்கள். செல்வி அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு நீ?"

"அசாம்."

"அது எங்கடி இருக்கு?"

சாலையிலிருந்து முருகேசன் அண்ணன் குரல் கொடுத்தார். "வடக்க, ரொம்ப தூரம் செல்வி. ரயில்லயே நாலு நாளு."

"நாலு நாளு வந்து எங்க வயல்ல எறங்கப் போறியா? சரி எறங்கு. அந்த ஓரத்துல நடு. கோணலா நட்டா நான் புடுங்கிடுவேன், கோவிச்சுக்காத."

ஜோனாலி பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். சேற்றில் இறங்கி, மிதந்துகொண்டிருந்த நாற்றுமுடி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஒரு உலுக்கு உலுக்கி, கட்டை அவிழ்த்து இடது கையில் பிடித்தாள். அதைப் பார்த்ததுமே இரண்டு மூன்று பேர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். பிறகு குனிந்தாள். வலது கை போவதும் வருவதும் மட்டும்தான் தெரிந்தது. பிரிப்பது, குத்துவது, ஒரு அடி பின்னால் வைப்பது. எனக்கு நேராக ஒரு கோடு போல வரிசை நீண்டுகொண்டே வந்தது. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி அவளை முந்தப் பார்த்து முடியாமல், "அக்கா, இவ மெஷினு!" என்று கூவினாள்.

செல்வி அக்கா வந்து, சேர்த்து நட்டிருந்த நாற்றுக் குத்து ஒன்றைத் தொட்டு இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "கை இருக்குடி உனக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஜோனாலி நிமிர்ந்து சிரித்தாள். ஒன்றேகால் வருடமாக ஒரே அறையில் இருக்கிறேன், அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்களையும் இறங்கச் சொன்னார்கள். பெனாசிர் நான்கு குத்து நட்டாள். நான்கையும் செல்வி அக்கா சொன்னபடியே பிடுங்கிவிட்டார். நான் ஒரு குத்தும் நடாமல் முழு உயரத்துக்கும் சேற்றில் விழுந்தேன். அந்த நடவுக் குழு வாழ்நாளில் இவ்வளவு சிரித்திருக்காது.

அப்போது ஜோனாலி, "அம்மாவுக்குக் காட்டணும்" என்றாள். அவள் கை முழுக்கச் சேறு. பெனாசிர்தான் போனைப் பிடித்துக்கொண்டு வீடியோ அழைப்பு போட்டாள். திரையில் ஜோனாலியின் அம்மா வந்தார். மகள் சேற்றில் நிற்பதைப் பார்த்து முதலில் பயந்துபோனார் போல. படபடவென்று ஏதோ கேட்டார். ஜோனாலி பதில் சொன்னாள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு நெருங்கி வந்து, வயலைக் காட்டச் சொன்னார். பெனாசிர் காட்டினாள். அவர் மூன்று விரலைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார்.

"என்னாங்கறாங்க?" என்றார் செல்வி அக்கா.

"ஒரு குத்துல நாத்து நிறைய வைக்கிறீங்களாம். மூணு போதுமாம்."

"மூணா?" செல்வி அக்கா போனை நோக்கி வந்து நான்கு விரலைக் காட்டினார். "நண்டு ஒண்ணைக் கடிச்சிட்டுப் போயிடும்மா. இங்க நாலு வெக்கணும்!"

அந்தப் பக்கம் மூன்று. இந்தப் பக்கம் நான்கு. ஜோனாலி நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க முயன்று கைவிட்டாள். தேவையும் இருக்கவில்லை. இருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். செல்வி அக்கா நாற்றைப் பிடுங்கி வேரைக் காட்டினார். அந்த அம்மா தலையாட்டிவிட்டுத் தன் வீட்டு வாசலுக்கு வெளியே போய் அவர்கள் வயலைக் காட்டினார். அங்கே பயிர் இடுப்பு உயரம் நின்றது. நடவுப் பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். "நல்லா தூர் கட்டியிருக்கு" என்று ஒருவர் சொன்னார். கடைசியில் அந்த அம்மா மகளிடம் ஒன்று சொல்ல, ஜோனாலி வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"அங்கேயும் போய் நாத்து நடவா உன்னைக் காசு கட்டிப் படிக்க அனுப்பினேன்னு கேக்கறாங்க."

பதினோரு மணிக்குத் தூக்கில் டீ வந்தது. எங்களுக்கும் ஊற்றினார்கள். வரப்பில் உட்கார்ந்து குடித்தபோது ஜோனாலி, அன்று அவர்கள் ஊரில் காத்தி பிகு பண்டிகை என்றாள். அறுவடைக்கு முன்னால், களஞ்சியம் காலியாக இருக்கும் நேரத்தில் வரும் நாள். விருந்து, ஆட்டம் எதுவும் கிடையாது. பயிர் நன்றாக வர வேண்டும் என்று அந்தி நேரத்தில் வயலில் விளக்கு ஏற்றுவார்கள். "அக்கா, சாயங்காலம் வந்து இங்க ஒரு விளக்கு வைக்கலாமா?"

செல்வி அக்கா டீ டம்ளரைக் கவிழ்த்தார். "நீ நட்டதுக்கு நீ வெளக்கு வெக்கற. இதுக்கு என்னைக் கேப்பியா? ஆறு மணிக்கு வா. நாங்களும் வர்றோம்."

தாராசுரத்துக்கு நாங்கள் சேற்றோடுதான் போனோம். வாசலில் குழாயில் கை கால் கழுவிக்கொண்டோம். கால் அளவுக்கு என் நிலைமை சரியானது, முதுகு சரியாகவில்லை. பெரிய கோயிலில் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்றால் இங்கே குனிந்து பார்க்க வேண்டும். உள்ளங்கை அகலச் சிற்பங்களில்கூட விரல் நகம் தெரிகிறது. குதிரை இழுக்கும் தேர் போன்ற மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். நடனக்காரிகளின் ஆடைக் கரையை ஜோனாலி நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். ஊரை விட்டுப் போகிறவள் எதற்கு வரைகிறாள் என்று மனதுக்குள் நினைத்தேன்.

கும்பகோணம் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். வாழையிலைச் சாப்பாடு 120 ரூபாய். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் சில டிபன் கடைகளில் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று தருவார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு, பட்டை சோம்பு வாசனையோடு. இதை மற்ற ஊரில் தேடாதீர்கள், கிடைக்காது. ஒரு செட் 60 ரூபாய். கூடவே டிகிரி காபி. பித்தளை டபராவைப் பார்த்து ஏமாறாமல் உள்ளூர்க்காரர்கள் நின்று குடிக்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள்.

ஐந்தே முக்காலுக்கு வயலுக்குத் திரும்பினோம். ஜோனாலி கும்பகோணத்தில் ஒரு டஜன் அகல் வாங்கியிருந்தாள், நல்லெண்ணெயும் திரியும். செல்வி அக்காவும் நான்கைந்து பெண்களும் குளித்து, தலையில் பூவோடு வந்திருந்தார்கள். முருகேசன் அண்ணன் ஆட்டோ விளக்கை அணைத்துவிட்டு வந்தார். ஜோனாலி முதல் விளக்கை வரப்பு மூலையில் வைத்தாள். காற்றில் அணைந்தது. செல்வி அக்கா ஒரு மண்கட்டியை எடுத்துக் காற்று வரும் பக்கம் வைத்தார். அதற்குப் பிறகு நின்றது. மீதி விளக்குகளை ஆளுக்கு ஒன்று இரண்டாக வைத்தோம். தண்ணீரிலும் பன்னிரண்டு விளக்கு தெரிந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஜோனாலி மெல்லிய குரலில் அவள் மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். யாரும் அர்த்தம் கேட்கவில்லை. திரும்பும்போது செல்வி அக்கா, "ஜனவரில அறுப்பு. வந்து பாக்கணும்ல, உன் ஓரம் எப்படி வந்திருக்குன்னு" என்றார். ஜோனாலி தலையை ஆட்டினாள். வருகிறேன் என்றா, பார்ப்போம் என்றா, தெரியவில்லை.

அன்று இரவு அவள் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் அம்மாவிடம் பேசினாள். இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. நானும் பெனாசிரும் தூங்குவது போல் நடித்தோம்.

திங்கள் காலை ஐந்தரைக்கே கிளம்பித் தரங்கம்பாடி. கும்பகோணம், மயிலாடுதுறை என்று இரண்டு இடத்தில் பேருந்து மாறி, ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜோனாலி அதுவரை கடலையே பார்த்ததில்லை. டேனிஷ்காரர்களின் கோட்டை, பழைய தேவாலயம், அமைதியான தெரு எல்லாம் அழகுதான். ஆனால் நாங்கள் கோட்டைக்குள் போவதற்கே பதினொன்றாகிவிட்டது. அதுவரை அவளைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுக்க முடியவில்லை. முதல் அலையில் அவள் செருப்பில் ஒன்று போய்விட்டது. படகடியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் அதைத் துரத்திப் பிடித்துக் கொடுத்துவிட்டு, "கடலுக்குப் புதுசா பாப்பா? செருப்பைக் கழட்டிட்டு வரணும்" என்றார். கரையில் ஓர் அக்கா சுடச்சுட வறுத்துக் கொடுத்த நெத்திலி, தட்டு 50 ரூபாய். இங்கே குளிக்க இறங்க வேண்டாம். பாறை உண்டு, இழுப்பும் உண்டு. முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மதியம் மயிலாடுதுறையிலிருந்து ரயில் பிடித்து மாலை ஐந்தரைக்குத் தஞ்சாவூர். இரவு ரயில் பத்து மணிக்கு மேல்தான். நடுவில் நாலரை மணி நேரத்துக்கு மேல். இங்கேதான் பெனாசிர் சொன்ன நைட் லைஃபுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆயுத பூஜை இரவில் தஞ்சாவூர் தெருக்களில் நடந்திருக்கிறீர்களா? ஒர்க் ஷாப், அச்சகம், மாவு மில், தையல் கடை என்று எல்லா இடத்திலும் சீரியல் விளக்கு, வாழைக்கன்று, சந்தனம் வைத்த இயந்திரங்கள். ஆட்டோக்களுக்கு மாலை. தெருவில் உடைத்த பூசணிக்காயில் வழுக்காமல் நடப்பது ஒரு கலை. வாசலைக் கடந்தாலே கூப்பிட்டுப் பொரி, கடலை, சுண்டல் கையில் திணித்துவிடுகிறார்கள். முக்கால் கிலோமீட்டர் நடப்பதற்குள் எங்களிடம் பதினொரு பொட்டலம் சேர்ந்துவிட்டது.

ஒரு தையல் கடையில் ஏழு மெஷினுக்கும் பூ வைத்திருந்தார்கள். ஜோனாலி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர், "உள்ள வாங்க. எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"ஊரு ஜோர்ஹாட் அண்ணா. கோயம்புத்தூர்ல படிக்கறேன். டிரஸ் டிசைனிங்."

"அப்போ நம்ம ஆளு! இந்தாங்க, இன்னொரு பொட்டலம்."

படிக்கறேன் என்றாள். பெனாசிர் என் கையைக் கிள்ளினாள். நான் திரும்பக் கிள்ளினேன்.

ரயில் நிலைய நடைமேடையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள். "புதன்கிழமை நான் போறேன். அம்மாவைப் பாக்கணும். அது மாறாது." பிறகு போனை எங்கள் பக்கம் திருப்பினாள். இன்னொரு டிக்கெட். ஜோர்ஹாட் பக்கமிருந்து கோவைக்கு, இரண்டு வாரம் கழித்து. கடலிலிருந்து திரும்பி வந்த ரயிலில், நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது எடுத்திருக்கிறாள். "எனக்கு இந்த ஊர் தெரியலைன்னு போகப் பாத்தேன். பிடிக்கலைன்னு இல்ல. தெரியாதது தெரிஞ்சுக்கலாம்."

பெனாசிர் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் இருவரும் கீழே கருத்துப் பகுதியில் வந்து மறுப்புத் தெரிவிப்பார்கள். ஆகவே, நானும்தான்.

இனி உங்களுக்குப் பயன்படும் சில விஷயங்கள். மூன்று நாளில், ரயில் உட்பட, ஆளுக்கு ஏறக்குறைய 1,900 ரூபாய் செலவானது. தங்கும் செலவு இல்லாததால் இது குறைவு. விடுதி எடுத்தால் மூன்று பேர் அறைக்கு இரவுக்கு 1,200லிருந்து கிடைக்கும், ஆதாரும் கல்லூரி அடையாள அட்டையும் எடுத்துப்போங்கள். பெண்கள் இரவு பத்துவரை நகரில் தயங்காமல் சுற்றலாம். அதற்கு மேல் கூட்டம் குறையும், நிலையத்துக்கு அருகில் இருந்துகொள்ளுங்கள். பப், டிஜே என்று தேடி வராதீர்கள். கோயில் புல்வெளி, பரோட்டாக் கல், விழா நாள் என்றால் தெரு, இவைதான் இந்த ஊரின் இரவு. குடையும் கொசுவர்த்தியும் அக்டோபரில் கட்டாயம். வயலில் இறங்க ஆசை வந்தால் முதலில் அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வரப்போடு நில்லுங்கள். நடத் தெரியாவிட்டால் என்னை மாதிரி விழுந்து தொலைக்காதீர்கள். அது அவர்களின் அன்றைய உழைப்பு.

ஜோனாலி சொன்ன நாளில் திரும்பி வந்தாள். வருகைப் பதிவு குறைந்ததற்கு அபராதம் கட்டினாள், நவம்பர் தேர்வை எழுதினாள், ஒரு தாளில் என்னைவிட அதிகம் வாங்கினாள். தாராசுரத்தில் வரைந்த கரைகளை வைத்துத்தான் இப்போது செயல்முறைத் தேர்வுக்குப் புடவை வடிவமைக்கிறாள். எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து, தறிக்கு எத்தனை இழை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சந்தேகம் வந்தால் வகுப்பில் பாதிப் பேர் அவளிடம்தான் வருகிறார்கள்.

அவளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டப் போகிறோம் என்ற நினைப்பில்தான் நானும் பெனாசிரும் கிளம்பினோம். பெரிய கோயிலுக்கு வழி சொன்னோம், பரோட்டாக் கடையைக் காட்டினோம், அது வரைக்கும் சரி. சேறு எத்தனை ஆழம், நாற்று எப்படி நிற்கும் என்று அறிந்து அந்த மண்ணில் கால் வைத்தது எங்கள் மூவரில் அவள் ஒருத்திதான்.